கண் முன்னே ஒரு படம், மூளைக்குள் இரண்டு

ஜொகூர் நீரிணையின் மேல் எழும் முழுநிலவில் கரிய திட்டுகள் சில தெளிவாகத் தெரிகின்றன; பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடிய எரிமலைக் குழம்பு குளிர்ந்து உறைந்த சமவெளிகளே அவை என்று வானியலார் விளக்குகின்றனர். அந்தத் திட்டுகளில் ஒரு முயலையும், அடுப்பருகே அமர்ந்து வடை சுடும் ஒரு பாட்டியையும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குக் காட்டி வந்திருக்கின்றன. சீனக் குடும்பங்களோ, சீன நாட்காட்டியின் எட்டாம் மாத நடுவில் வரும் விளக்குத் திருவிழாவின்போது, உரலில் மருந்து இடிக்கும் முயலை அங்கே காட்டுகின்றன. மலாய் மக்களிடையே வழங்கிய வேறொரு கதையை வால்டர் வில்லியம் ஸ்கீட் 1900-இல் வெளியிட்ட வழக்காற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். தலைகீழாய் நிற்கும் ஓர் ஆலமரத்தடியில் கூன் விழுந்த முதியவர் ஒருவர் அமர்ந்து, பூமியில் உள்ள அனைத்தையும் தூண்டிலிட்டு இழுப்பதற்காக மரப்பட்டையைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஓர் எலி வந்து அந்தக் கயிற்றைக் கடித்துத் துண்டித்துவிடுகிறது.

ஒரே வீதியில் அண்டை வீட்டாராக வாழும் மூன்று குடும்பங்களின் கண்களுக்குள்ளும் நிலவிலிருந்து வரும் ஒளி ஒன்றேதான். விழித்திரையில் விழும் ஒளித்திட்டுகளின் அமைப்பும் ஒன்றேதான். காணப்படும் உருவங்கள் மட்டும் வேறுபடுகின்றன. ஆகவே உருவம் என்பது ஒளியில் முழுமையாக அடங்கியிருக்கும் ஒன்றன்று என்பதும், அதன் ஒரு பகுதியைப் பார்ப்பவரின் மூளையே வழங்குகிறது என்பதும் தெளிவாகின்றன. அந்தப் பங்களிப்பு எவ்வாறு நிகழ்கிறது, மூளையின் எந்தப் பகுதியில் நிகழ்கிறது, படம் கண்ணில் படுவதற்கு முன்பே அது தொடங்கிவிடுகிறதா என்னும் வினாக்களுக்குக் கடந்த சில பத்தாண்டுகளில் நரம்பியல் ஆய்வுகள் தந்துள்ள விடைகள், அறிவியலுக்கு அப்பாலும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளத் தக்கவை.

கண்ணுக்கான சிலேடை

ஒரே சொற்றொடர் இரு பொருள் தருமாறு அமைவதைத் தமிழ் இலக்கண மரபு சிலேடை என்றும் இரட்டுற மொழிதல் என்றும் அழைக்கிறது. பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டுக்குள் அடக்கிய காளமேகப் புலவரின் திறம் இன்றும் பேசப்படுகிறது. அதே அமைப்பு கோட்டிலும் நிழலிலும் வரும்போது அதனை ஈருருப் படம் எனலாம். படத்தில் ஒரு புள்ளியும் மாறாதிருக்க, பார்ப்பவருக்கு இரு வேறு உருவங்களை மாறி மாறித் தரவல்லது அது.

இத்தகைய அமைப்புக்குத் தமிழ்நாட்டிலேயே மிகச் சிறந்த சான்று இருக்கிறது. கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலில், யானையும் காளையும் எதிரெதிராக நின்று ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் புடைப்புச் சிற்பம் ஒன்று உள்ளது. ரிஷப குஞ்சரம் என்று அழைக்கப்படும் அச்சிற்பத்தில் காளையின் உடலைக் கையால் மறைத்தால் யானை முழுமையாக எழுந்து நிற்கிறது. யானையின் உடலை மறைத்தால் அதே தலை காளையின் தலையாகிவிடுகிறது. எதையும் மறைக்காமல் நோக்கினாலும் அந்தத் தலை ஒரு கணம் யானைக்கும் மறுகணம் காளைக்கும் உரியதாகி, இரண்டுக்கும் ஒருசேர உரியதாக மட்டும் ஆவதில்லை. 2004-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட இக்கோயிலின் சிற்பியர் நரம்பியல் கற்றவர்கள் அல்லர். ஆயினும் மனிதப் பார்வையின் அடிப்படை இயல்பு ஒன்றை அவர்கள் கைத்திறனால் கண்டறிந்து கல்லில் நிலைநிறுத்தியிருக்கிறார்கள்.

ஐரோப்பிய அறிவியல் இந்த இயல்பை ஆராயத் தொடங்கியது அதற்கு ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்குப் பின்னர்தான். சுவிட்சர்லாந்தின் படிகவியல் அறிஞர் லூயி ஆல்பர்ட் நெக்கர், படிகங்களின் கோட்டுப் படங்களை உற்றுநோக்கிக்கொண்டிருக்கும்போது அவற்றின் முன்பக்கம் பின்பக்கமாகவும் பின்பக்கம் முன்பக்கமாகவும் திடீரென மாறுவதை 1832-இல் எழுதி வெளியிட்டார். பன்னிரண்டு கோடுகளால் ஆன கனசதுரத்தின் எளிய படம் இன்று அவர் பெயராலேயே நெக்கர் கனசதுரம் எனப்படுகிறது. 1892-இல் மியூனிக் நகரத்து நகைச்சுவை இதழ் ஒன்றில் வெளிவந்த வாத்து–முயல் படத்தை உளவியல் அறிஞர் ஜோசப் ஜாஸ்ட்ரோ 1899-இல் ஆய்வுலகத்துக்கு எடுத்துச்சென்றார். இடப்புறம் நீளும் வாத்தின் அலகு, அதே படத்தில் பின்னோக்கிச் சாய்ந்த முயலின் காதாகவும் அமைகிறது. டென்மார்க்கின் எட்கார் ரூபின் 1915-இல் விளக்கிய படத்தில், நடுவில் உள்ள வெண்பரப்பைப் பொருளாகக் கொண்டால் பூச்சாடியும், இருபுறமுள்ள கரும்பரப்பைப் பொருளாகக் கொண்டால் ஒருவரையொருவர் நோக்கும் இரு முகங்களும் தெரிகின்றன.

இப்படங்கள் அனைத்துக்கும் பொதுவான பண்புகள் மூன்று. ஒரு நேரத்தில் ஓர் உருவமே தெரிகிறது. இரண்டும் கலந்த கலவை தெரிவதில்லை. தொடர்ந்து நோக்கினால் சில நொடிகளுக்கு ஒருமுறை உருவம் தானாகவே மாறுகிறது. பார்ப்பவரால் மாற்றத்தை விரைவுபடுத்தவோ தாமதப்படுத்தவோ ஓரளவு முடியுமே தவிர, அதனை முற்றிலும் தடுத்து நிறுத்துவது மிக அரிது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்னும் பழமொழிக்குக் கல்லால் செய்த நாயை வைத்துச் சொல்லப்படும் விளக்கமும், மரத்தில் செய்த யானையை வைத்துத் திருமூலர் திருமந்திரத்தில் சொல்லும் உவமையும் முதற் பண்பைத் தொட்டுச் செல்பவை. திருமூலரின் நோக்கம் மெய்ப்பொருளை விளக்குவதே அன்றிப் பார்வையை விளக்குவது அன்று. எனினும் ஒன்று வெளிப்பட மற்றது மறைய வேண்டும் என்னும் அனுபவம் தமிழருக்கு நெடுங்காலமாகப் பழகியது என்பதை அவ்வுவமை காட்டுகிறது.

ஒளி செல்லும் வழியும் எதிர்வழியும்

நெக்கர், கண் எந்த மூலையைக் கூர்ந்து நோக்குகிறதோ அதுவே முன்னால் வருகிறது என்று கருதினார். நோக்கும் புள்ளிக்கு ஓரளவு பங்கு உண்டு. ஆயினும் அது முழு விளக்கம் ஆகாது. கண் அசையும்போது தானும் உடன் அசைந்து, விழித்திரையில் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் பின்தோற்றத்தில்கூட, அதாவது படத்தை உற்றுநோக்கிய பின் கண்ணில் எஞ்சும் தோற்றத்தில்கூட, நெக்கர் கனசதுரம் முன்பின்னாக மாறுகிறது. எனவே மாற்றத்தின் ஊற்றைக் கண்ணுக்கு அப்பால் தேட வேண்டியதாயிற்று.

விழித்திரையில் விழும் ஒளி நரம்புத் துடிப்புகளாக மாற்றப்பட்டு, ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பின் வழியே, மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்னும் இடைநிலையத்தை அடைகிறது. அங்கிருந்து தலையின் பின்புறத்தில் உள்ள பிடரி மடலுக்குச் சென்று, கோடுகளும் விளிம்புகளும் அசைவுகளும் முதற்கட்டமாகப் பிரித்தறியப்பட்ட பின், பக்கவாட்டில் உள்ள பொட்டு மடலை நோக்கிச் செல்லச் செல்ல, முகம், வீடு, விலங்கு போன்ற முழு உருவங்களை இனங்காணும் பகுதிகளை எட்டுகிறது. இந்த முன்செல்லும் வழியே பார்வை முழுவதும் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆனால் தலாமஸில் உள்ள பார்வை நிலையத்தின் நியூரான்களுக்கு, அதாவது நரம்பணுக்களுக்கு, வந்து சேரும் இணைப்புகளுள் விழித்திரையிலிருந்து வருபவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே; எஞ்சியவற்றுள் பெரும்பகுதி மூளைப் புறணியிலிருந்தும் மூளையின் பிற பகுதிகளிலிருந்தும் எதிர்த்திசையில் வருபவை. கண் அனுப்பும் செய்தியை மூளை கேட்கிறது என்பது பாதி உண்மை. எந்தச் செய்தியை எதிர்பார்க்கலாம் என்பதை மூளையும் இடைவிடாது சொல்லிக்கொண்டே இருக்கிறது என்பது மறுபாதி.

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதனை உணர்ந்து, பார்வை என்பது தன்னறிவின்றி நிகழும் ஊகம் என்று விளக்கினார். அவ்வூகம் எத்தகைய விதிகளின்படி நடக்கிறது என்பதை எளிய சோதனைகளால் காட்டியவர்களுள் ஒருவர், தமிழ்நாட்டில் 1951-இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் கற்று, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவில் ஆய்வு நடத்திய வி. எஸ். இராமச்சந்திரன். மேற்பாதி வெளிர்ந்தும் கீழ்ப்பாதி கருத்தும் வரையப்பட்ட வட்டம் மேட்டைப் போலவும், அதனைத் தலைகீழாகத் திருப்பினால் பள்ளத்தைப் போலவும் தெரிவதை 1988-இல் அவர் வெளியிட்ட ஆய்வுகள் விரிவாக ஆராய்ந்தன. தாளில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒளி மேலிருந்து வருகிறது, அதுவும் ஒரே மூலத்திலிருந்து வருகிறது என்று மூளை வைத்திருக்கும் எடுகோளே மேட்டையும் பள்ளத்தையும் படைக்கிறது. நிலவின் பள்ளங்களைக் காட்டும் ஒளிப்படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் அவை குன்றுகளாக எழுவதும் இதனால்தான். ஒரே கதிரவனின் கீழ் வாழ்ந்து பரிணமித்த உயிரினத்துக்கு அந்த எடுகோள் பெரும்பாலும் சரியாகவே அமையும். அது தடுமாறும் இடத்தில்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியவருகிறது.

இரு கண்களுக்கு இடையே நிகழும் போட்டி

ஊகம் ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய ஆய்வாளர்கள் மிகுதியும் கையாண்ட வழி, இரு கண்களுக்கும் இரு வேறு படங்களைக் காட்டுவதாகும். ஒரு கண்ணுக்கு முகமும் மறு கண்ணுக்கு வீடும் காட்டப்பட்டால், முகமும் வீடும் குழம்பிய ஓர் உருவம் தெரிவதில்லை. சில நொடிகள் முகமும், பின்னர் சில நொடிகள் வீடுமாகப் பார்வை மாறிக்கொண்டே இருக்கும். இருகண் போட்டி எனப்படும் இந்நிகழ்வை ஆங்கிலேய அறிவியலர் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் விளக்கமாகப் பதிவு செய்தார்.

இதன் ஒரு சாயலை ஜொகூர் பாருவில் தெப்ராவ் சாலையை ஒட்டியுள்ள அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கோயிலில் எவரும் உணரலாம். 1922-இல் எளிய குடிலாகத் தொடங்கிய அக்கோயில் 2009-இல் கண்ணாடிக் கோயிலாகப் புதுப்பொலிவு பெற்றது. ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள் அதன் சுவர்களையும் தூண்களையும் விதானத்தையும் போர்த்தியுள்ளன. சிறு கண்ணாடித் துண்டு ஒவ்வொன்றும் ஒளியைத் தனக்குரிய திசையில் திருப்புவதால், அது வலக்கண்ணுக்கு அனுப்பும் ஒளியளவும் இடக்கண்ணுக்கு அனுப்பும் ஒளியளவும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே புள்ளி ஒரு கண்ணுக்கு மிகப் பிரகாசமாகவும் மறு கண்ணுக்கு மங்கலாகவும் இருக்கும்போது, அந்த முரண்பாட்டைப் பளபளப்பு என்னும் உணர்வாக மூளை மாற்றித் தருகிறது. பளபளப்பு தோன்றுவதற்கு வேறு காரணங்களும் உண்டு எனினும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நோக்கும்போது அந்த மின்னல் ஓரளவு குன்றுவதற்கு இதுவே காரணம்.

போட்டி மூளையின் எந்தக் கட்டத்தில் தீர்க்கப்படுகிறது என்பதை நிகோஸ் லோகோதெடிஸும் அவருடைய குழுவினரும் 1989 முதல் குரங்குகளைக் கொண்டு ஆராய்ந்தனர். தாம் காணும் உருவம் எது என்பதை நெம்புகோலை இழுத்துத் தெரிவிக்கப் பயிற்றப்பட்ட குரங்குகளின் மூளையில் தனித்தனி நியூரான்களின் துடிப்புகள் பதிவு செய்யப்பட்டன. பிடரி மடலின் தொடக்கநிலைப் பகுதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நியூரான்களே குரங்கு காண்பதற்கேற்பத் துடிப்பை மாற்றிக்கொண்டன. எஞ்சியவை கண்ணில் விழும் ஒளிக்கு ஏற்பவே இயங்கின. பொட்டு மடலின் உயர்நிலைப் பகுதியிலோ, 1997-இல் வெளியான முடிவுகளின்படி, பத்தில் ஒன்பது நியூரான்கள் குரங்கு காணும் உருவத்தையே பின்பற்றின. கண்ணிலிருந்து விலகி உள்ளே செல்லச் செல்ல, உலகில் இருப்பதன் பதிவு குறைந்து, உயிர் காண்பதன் பதிவு மிகுகிறது என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

மனிதரிடம் இதே வினாவை எழுப்ப உதவியது, மூளையைத் திறக்காமலேயே அதன் செயற்பாட்டை அளக்கும் செயல்நிலை எம்.ஆர்.ஐ. முறையாகும்; ஒரு பகுதி மிகுதியாக இயங்கும்போது அங்கே ஆக்சிஜன் செறிந்த குருதி கூடுதலாகப் பாய்வதை வலிய காந்தப்புலத்தின் உதவியால் அது கண்டறிகிறது. 1998-இல் ஃபிராங்க் டாங், நான்சி கான்விஷர் முதலியோர் முகத்தையும் வீட்டையும் இரு கண்களுக்குத் தனித்தனியே காட்டி, முகங்களை இனங்காணும் பகுதியையும் இடங்களை இனங்காணும் பகுதியையும் ஒருசேர அளந்தனர். படங்கள் இரண்டும் மாறாமல் இருக்க, பார்ப்பவர் முகத்தைக் கண்டபோது முகப் பகுதி எழுச்சியுற்று இடப் பகுதி தணிந்தது. வீட்டைக் கண்டபோது நிலைமை தலைகீழாயிற்று. முகப்படத்தையும் வீட்டுப்படத்தையும் உண்மையிலேயே மாற்றி மாற்றிக் காட்டும்போது ஏற்படும் ஏற்ற இறக்கத்துக்கு அது இணையாக இருந்தது.

இரு அணிகள் கயிறு இழுக்கும் போட்டியோடு இதனை ஒப்பிடலாம். ஓர் உருவத்துக்குரிய நியூரான் குழு வலுப்பெறும்போது எதிர்க்குழுவை அடக்குகிறது. ஆனால் தொடர்ந்து இயங்கும் குழு மெல்ல மெல்லக் களைப்படைய, அடக்கப்பட்ட குழு அதற்குள் தேறி எழுந்து கயிற்றைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. இந்தக் களைப்போடு நியூரான்களின் இயல்பான ஒழுங்கற்ற துடிப்பும் சேர்வதால், உருவம் மாறும் என்பது உறுதியாக இருப்பினும், எந்த நொடியில் மாறும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலுவதில்லை.

படம் வருமுன்பே சாயும் தராசு

தொடர்ந்து நோக்கும்போது உருவம் ஏன் மாறுகிறது என்பதற்குக் களைப்பு ஒரு விளக்கம் தருகிறது. ஆனால் படம் கண்சிமிட்டும் நேரமே காட்டப்பட்டு மறைந்தால், களைப்படைய நேரமே இல்லாத அந்நிலையில், ஒருவர் ஒருமுறை பூச்சாடியையும் மறுமுறை முகங்களையும் காண்பதற்குக் காரணம் என்ன? பிரான்சில் கைடோ ஹெசல்மன், ஆண்ட்ரியாஸ் கிளைன்ஷ்மிட் முதலியோர் 2008-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இவ்வினாவையே எடுத்துக்கொண்டது.

ரூபினின் பூச்சாடிப் படம் அவர்களுடைய சோதனையில் ஒரு நொடியின் ஏழில் ஒரு பங்கு அளவே திரையில் தோன்றி மறைந்தது. அடுத்த முறை அது தோன்றுவதற்குள், மூளையின் முந்தைய எழுச்சி முற்றிலும் அடங்குமாறு, 20 நொடிகளுக்குக் குறையாத இடைவெளி விடப்பட்டது. எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் தாம் கண்டது முகங்களா பூச்சாடியா என்பதைப் பொத்தானை அழுத்தித் தெரிவித்தனர். முகங்களைக் கண்ட முறைகளைத் தனியாகவும் பூச்சாடியைக் கண்ட முறைகளைத் தனியாகவும் பிரித்து, படம் தோன்றுவதற்குச் சற்று முன்பான மூளைச் செயற்பாட்டை ஒப்பிட்டபோது, முகங்களை இனங்காணும் பகுதி பின்னர் முகங்கள் காணப்பட்ட முறைகளில் ஏற்கெனவே கூடுதலாக இயங்கிக்கொண்டிருந்தது புலனாயிற்று. திரை வெறுமையாக இருந்த அந்நேரத்தில், பங்கேற்றவர் முகங்களை எதிர்பார்க்கும்படி எந்தக் குறிப்பும் தரப்படவில்லை. மூளையின் தானியங்கு ஏற்ற இறக்கத்தில் அப்பகுதி அந்தக் கணத்தில் சற்று உயர்ந்திருந்தது, அவ்வளவே. இருபுறமும் எடை சமமாக வைக்கப்பட்ட தராசில் ஒரு சிறு தூசி விழுந்தாலும் தட்டு சாய்வதைப் போல, ஐயத்துக்கிடமான படத்தின் முன் அந்தச் சிறு உயர்வே தீர்ப்பாகிவிடுகிறது.

இக்கண்டுபிடிப்பின் ஆழத்தை உணர, ஓய்ந்திருக்கும் மூளை உண்மையில் ஓய்ந்திருப்பதில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. ஒருவர் கண்மூடிச் சும்மா இருப்பதிலிருந்து ஒரு வேலையில் ஈடுபடும்போது கூடும் செலவு அதில் மிகச் சிறிய பங்கே. அந்த இடையறாத உள்ளியக்கம் கருவியின் இரைச்சலைப் போன்றது என்று ஒதுக்கிவைக்கப்பட்ட காலம் உண்டு. கடலின் அலையைப் பொருட்படுத்தாமல் படகின் போக்கை மட்டும் கணக்கிட முடியாதது போல, உள்ளியக்கத்தை விலக்கிவிட்டுப் பார்வையை விளக்க முடியாது என்பதை இத்தகைய ஆய்வுகள் நிலைநாட்டியுள்ளன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. படம் தோன்றுமுன் நிகழும் உள்ளியக்கம் பார்வையை ஒரு பக்கம் சாய்க்கிறதே தவிர அதனை முற்றிலும் தீர்மானித்துவிடுவதில்லை. பல முறைகளின் சராசரியில் புலப்படும் போக்கு இது. மூளையின் எழுச்சிகளுள் காரணம் எது, விளைவு எது என்று பிரித்தறிவதும் எளிதன்று. உருவம் மாறும் கணத்தில் நெற்றி மடலிலும் உச்சி மடலிலும் எழுச்சி ஏற்படுவதை 1998 முதல் பல ஆய்வுகள் பதிவு செய்தபோது, அந்த எழுச்சியே மாற்றத்துக்குக் காரணம் என்று கருதப்பட்டது. 2014-இல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், பங்கேற்றவர்கள் பொத்தானை அழுத்தாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க, அவர்களுடைய கண்ணசைவையும் கண்மணியின் விரிவையும் கொண்டே மாற்றம் கணிக்கப்பட்டது. அப்போது நெற்றி மடலின் எழுச்சி வெகுவாகக் குறைந்தது. முன்பு காணப்பட்ட எழுச்சியில் பெரும்பங்கு உருவத்தை மாற்றும் வேலைக்குரியதா, மாறியதைக் கவனித்து அறிவிக்கும் வேலைக்குரியதா என்னும் விவாதம் இன்றும் நடைபெறுகிறது.

பழக்கமும் பயிற்சியும்

நொடிப்பொழுதில் ஏறி இறங்கும் உள்ளியக்கத்தின் மீது, நாட்களாலும் ஆண்டுகளாலும் படிந்த அனுபவமும் செயற்படுகிறது. சூரிச் விலங்கியல் பூங்காவுக்கு வந்தவர்களிடம் வாத்து–முயல் படத்தைக் காட்டி 1993-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், முயல் சின்னமாக விளங்கும் ஈஸ்டர் திருநாளின்போது பெரும்பாலோர் முயலைக் கண்டனர். அதே படம் அக்டோபரில் பெரும்பாலோருக்குப் பறவையாகத் தெரிந்தது. நாட்காட்டியே மூளையின் தராசில் ஒரு படிக்கல்லாக அமைந்துவிட்டது.

அனுபவத்தால் மட்டுமன்றிப் பயிற்சியாலும் இந்தத் தராசைத் தொட முடியும் என்பதற்கு இந்தியாவிலிருந்தே சான்று உள்ளது. இமாசலத்திலும் லடாக் பகுதியிலும் உள்ள மடங்களிலும் தனித்தவக் குடில்களிலும் வாழ்ந்த 76 திபெத்தியப் பௌத்தத் துறவியரை ஒலிவியா கார்ட்டர், ஜாக் பெட்டிகுரூ முதலிய ஆய்வாளர்கள் சந்தித்து நடத்திய இருகண் போட்டிச் சோதனையின் முடிவுகள் 2005-இல் வெளிவந்தன. ஒரே பொருளின் மேல் மனத்தை நிறுத்தும் ஒருமுனைத் தியானத்தில் இருந்தபோதும் அதற்குப் பின்னரும், துறவியர் பலருக்கு உருவம் மாறும் வேகம் குறைந்தது. சிலருக்கு ஐந்து நிமிடம் வரை உருவம் மாறாமலேயே நின்றது. எல்லா உயிர்களிடத்தும் அருள் நினைக்கும் தியானத்தில் இருந்தவர்களிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. மனத்தை நிறுத்தும் முறை வேறுபட, பார்வையின் ஓட்டமும் வேறுபடுகிறது.

மனிதருக்கு மனிதர் இவ்வேகம் இயல்பாகவே மாறுபடுவதும் உண்டு. ரியோட்டா கனாய், ஜெரெயிண்ட் ரீஸ் முதலியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உருவம் விரைந்து மாறுவோருக்கும் மெதுவாக மாறுவோருக்கும் இடையே, உச்சி மடலின் மேற்பகுதியின் அமைப்பிலேயே அளக்கத்தக்க வேறுபாடு இருக்கிறது. ஒரே படத்தின் முன் நிற்கும் இருவர், ஒரே அனுபவத்தைப் பெற்றவர்களாக இருந்தாலும், ஒரே நொடியில் ஒரே உருவத்தைக் காண வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இவை ஆய்வுக்கூடத்துக்குள் அடங்கும் செய்திகள் அல்ல. செம்பனைத் தோட்டத்தின் நடுவே செல்லும் சாலையில், அந்தி மங்கலிலோ மழைத்திரையிலோ, வெட்டப்பட்ட மரக்கட்டை ஒருவர் குந்தியிருப்பது போலத் தெரிந்து அச்சுறுத்துவதும், நிற்கும் மனிதரே ஒரு கம்பம் போலத் தெரிந்து விபத்துக்கு இடமாவதும் இதே தராசின் சாய்வுகளே. இருளில் கயிற்றைப் பாம்பாகக் காணும் வேதாந்த உவமை, ஒளி குறையும்போது எதிர்பார்ப்பு ஓங்குகிறது என்னும் உண்மையை அன்றே எடுத்தாண்டது. எக்ஸ்ரே படத்தில் ஒரு நிழலை மதிப்பிடும் மருத்துவரும், மங்கிய ஒளியில் கண்டதை நீதிமன்றத்தில் சொல்லும் சாட்சியும் நேர்மையாளர்களாகவே இருந்தும் பிழைபட நேர்வதுண்டு. இரண்டாவது மருத்துவரின் பார்வைக்கும் குறுக்கு விசாரணைக்கும் இருக்கும் மதிப்பு, மனிதரின் மேல் கொண்ட ஐயத்தால் விளைந்தது அன்று, மூளையின் இயல்பை அறிந்ததால் விளைந்தது.

மற்றொன்றும் உண்டு என்று சொல்பவர்

ஈருருப் படங்களைப் பற்றிய ஆய்வுகளுள் மிக எளிமையானதும், அதனாலேயே மிகவும் சிந்திக்கத் தக்கதுமான ஒன்று குழந்தைகளிடம் நடந்தது. எர்வின் ராக், ஆலிசன் கோப்னிக் முதலியோர் 1994-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஈருருப் படங்கள் காட்டப்பட்டன. அவற்றில் வேறோர் உருவமும் இருக்கிறது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பெரியவர்களுக்குச் சில நொடிகளில் தானாக நிகழும் மாற்றம் அக்குழந்தைகளுக்கு நிகழவே இல்லை. முதலில் கண்ட உருவத்தையே அவர்கள் தொடர்ந்து கண்டுகொண்டிருந்தனர். இன்னோர் உருவமும் உண்டு என்று எடுத்துச்சொல்லிக் காட்டிய பின்னரே அவர்களுள் சிலருக்கு அது புலப்பட்டது. பள்ளி மாணவரிடம் அதற்கு முன்பே 1977-இல் நடந்த ஆய்வொன்றிலும், இரண்டு உருவம் உண்டு என்று அறியாதவர்களுள் பலருக்குப் படம் மாறவே இல்லை.

களைப்பும் உள்ளியக்கமும் மூளைக்குள் தாமாகவே நடப்பவை என்பது உண்மைதான். ஆனால் இரண்டாவது உருவம் போட்டிக்கு வந்து நிற்க வேண்டுமானால், அது இருக்கிறது என்னும் அறிவு பலருக்கு முதலில் மூளைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. அந்த அறிவு பெரும்பாலும் வேறொருவரின் வாய்ச்சொல்லாகவே வருகிறது. தாராசுரத்துச் சிற்பத்தில் யானையை மட்டும் கண்டு கடந்துபோகும் பயணிக்கு, காளையைக் கைகாட்டி நிறுத்துபவர் தேவைப்படுகிறார். காளையைக் கண்டுவிட்டதால் அவருக்கு யானை இல்லாமற்போவதில்லை.

ஜொகூர் நீரிணையின் மேல் எழும் நிலவுக்கும் இது பொருந்தும். அங்கே முயலைக் கண்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு, ஆலமரத்தடியில் கயிறு திரிக்கும் மலாய் முதியவர் எத்தனை ஆண்டுகள் உற்றுநோக்கினாலும் தாமாகத் தோன்றப் போவதில்லை. அண்டை வீட்டார் ஒருவர் அருகே நின்று, மரத்தின் வேர் இது, முதியவரின் முதுகு இது என்று விரல் நீட்டிச் சொன்ன பிறகுதான் அவர் அங்கே வந்து அமர்வார். அதற்குப் பின் அப்பிள்ளையின் நிலவில் முயலும் முதியவரும் மாறி மாறித் தோன்றிக்கொண்டிருப்பார்கள்.